எண்ணாமல் விட்ட படகு

பழவேற்காட்டு ஏரியில் பவளம் கிடையாது. சேறுதான். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் வாங்கிய ஒருத்தி தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் ஏறும், தெரிந்துவிடும். ஆனாலும் நான் வந்தேன். ஆய்வுப் பகுதியில் பவளப்பாறைகள் இல்லை என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போதெல்லாம் மேடைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். பவளத்தைக் காப்பாற்றிய பெண்மணி என்று சால்வை போர்த்துகிறார்கள். உங்களுக்கு எப்படி மேம் இந்த ஆர்வம் வந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று கேட்கும். அதற்கு ஒரு அழகான பதில் வைத்திருக்கிறேன். அதில் பொய்யும் இல்லை. அந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி முங்கிப் பவளத்தை எண்ணியே என் இருபதுகள் போயிருந்தன. சுண்ணாம்புக் காளவாய்க்காக வெட்டியெடுத்தது போக மிச்சம் இருந்ததைத்தான் எண்ணினேன். செத்த பாறையில் உயிருள்ள துண்டுகளைக் கட்டி வளர்க்கலாம் என்று எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் காபி கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது, நிரந்தர வேலை கிடையாது. ஊருக்குப் போனால் சித்திகள் என் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

அப்போதுதான் ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுக்கிற ஒரு சென்னைக் கம்பெனியில் சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அவர்களுக்கு நிறைய வேலை இருந்தது. அங்கே ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறையில் ஒரு கிளை ஆபீஸ். காலையில் லோக்கல் ரயிலில் வந்து இறங்கினால், உருக்காலைத் தூசு ஸ்டேஷன் பெஞ்சில் கறுப்பாகப் படிந்திருக்கும். கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் துடைக்காமலே உட்காரப் பழகிக்கொண்டேன்.

வேலை இதுதான். புதிதாக வரப்போகிற ஓர் ஆலை தன் கழிவுநீரைச் சுத்தம் செய்து கடலில் விடக் குழாய் போட வேண்டும். குழாய் ஏரியைக் கடந்துதான் கடலுக்குப் போக முடியும். வரைபடத்தில் மூன்று பாதைகள் போட்டிருந்தார்கள். குழாய் எந்தப் பாதையில் போகிறதோ, அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் அதற்குப் பிறகு யாரும் வலை போடக் கூடாது. எந்தப் பாதையில் போனால் குறைவான பேருக்குக் கஷ்டம் என்று சொல்ல வேண்டியது நான்.

பழவேற்காட்டில் ஒரு மாடி அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்காரம்மாவை ஊரே பாயம்மா என்று கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும். இறால் வியாபாரம். கணவர் லாரியோடு சென்னைக்கும் நெல்லூருக்கும் போய்வந்துகொண்டிருப்பார், முற்றத்தில் தராசைப் பிடிப்பது பாயம்மாதான். வந்த அன்றைக்கே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணாலம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதான் சேத்துல எறங்க வந்துக்கிற" என்று சொல்லிவிட்டு ஆப்பமும் பாயாவும் கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

படகுக்காரரைப் பிடித்துக் கொடுத்ததும் பாயம்மாதான். நாற்பது வயதுக்காரர், ஒல்லி, பேச்சில் கிண்டல் ஓடிக்கொண்டே இருக்கும். ஏரிக்குள் இருக்கிற மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். முதல் ஒரு வாரம் நான் சேற்றை அள்ளி அள்ளிப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

"இத்த எடுத்துக்கினு போயி இன்னா மேடம் பண்ணுவீங்க?"

"இதுல இருக்கிற பூச்சியை எண்ணுவேன்."

"பூச்சியா? எங்க ஊட்டுக்கு வாங்க மேடம். அரிசில கீது, செவுத்துல கீது, எம்மாம் வேணும்னாலும் எண்ணிக்கலாம். படகு வாடகை மிச்சம்."

இரண்டாவது வாரம் படகுகளை எண்ண வேண்டும். தொடர்ந்து மூன்று நாள், விடிந்ததிலிருந்து மதியம் வரை, ஒவ்வொரு பாதையிலும் எத்தனை படகு மீன் பிடிக்கிறது என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். மூன்று நாளும் வரமுடியுமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டேன். ஒரு நிமிஷம் விரலை மடக்கி ஏதோ யோசித்தார். பிறகு, "மூணு நாளுதான, வந்துடறேன் மேடம், சொல்ட்டேன்ல" என்றார்.

முதல் பாதையிலும் இரண்டாவது பாதையிலும் படகுகள் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்கவே நான் திணற வேண்டியிருந்தது. மூன்றாவது பாதை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போகிறது. அங்கே தண்ணீர் வெறிச்சென்று கிடந்தது. கழி நட்டு வலை கட்டியபடி முதல் நாள் நான்கு படகு. இரண்டாம் நாளும் நான்கு. மூன்றாம் நாள் மூன்றுதான்.

இத்தனை நல்ல இடத்தில் ஏன் நான்கே படகு என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி: கணக்கெடுக்கும்போது கூட வருகிற ஆளிடம் பேச்சுக் கொடுக்காதே, அவன் சொல்வது உன் கண்ணைக் கெடுக்கும். பவளம் நகராது. போய்ப் பார்த்தால் இருந்த இடத்தில் இருக்கும், எண்ணினால் எண்ணினதுதான். பாறையைப் பற்றிப் பாறையிடம் விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மனுஷனையும் அதே மாதிரி எண்ணிவிட்டு வந்தேன், பெரிய படிப்பாளி.

மூன்றாம் நாள் மட்டும் அவர் கிண்டல் பேசவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டே கழியை ஊன்றினார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல மேடம், நீங்க எண்ணுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பாயம்மா முற்றத்தில் உட்கார்ந்து ஐஸ் பெட்டியில் இறாலை அடுக்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்த சந்தோஷத்தில் நானாகவே வாயைக் கொடுத்தேன்.

"முகத்துவாரம் பக்கம் யாரும் அவ்வளவா மீன் பிடிக்கிறதில்ல போல பாயம்மா. நாலு படகுக்கு மேல காணோம்."

அவர் கை நின்றது. "யாரு சொன்னா?"

"நானே எண்ணினேன். மூணு நாள்."

"அடிப்பாவி" என்றார், சத்தம் போடாமல். "அது பாடும்மா, மொறைவச்சு வலை கட்ற எடம். அங்க நெனைச்சவன்லாம் பூந்துட முடியாது. எல்லாம் மொறை. ஒரு நாளைக்கு நாலு படகு, நாலு ஊடு. அடுத்த நாளு வேற நாலு ஊடு. எறா அந்த வழியாத்தான ஏரிக்குள்ள வருது? எல்லாரும் ஒண்ணா பூந்தா வெட்டுக்குத்து ஆயிடும்னு அவங்க தாத்தன் காலத்துலயே வரிசை போட்டு வச்சிக்கிறாங்க. ஒரு ஊட்டுக்கு மொறை வர்றதுக்கு இருபது நாளு, இருபத்தஞ்சு நாளு ஆவும். அன்னிக்கி ஒரு நாளு பாட்டுலதான் அந்த மாசமே ஓடும். மத்த நாளு சும்மா பொடி மீனு."

நான் படியிலேயே உட்கார்ந்தேன்.

"நாலு படகு கீதுன்னா ஆளு இல்லன்னு அர்த்தமா? ஊரே அங்கதாம்மா கீது, மொறைக்கு காத்துக்கினு."

"இன்னைக்கு மூணுதான் இருந்தது" என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

பாயம்மா ஐஸ் பெட்டியை மூடினார். "நாலாவது உன்ன ஏத்திக்கினு போனவன்து. இன்னிக்கி அவன் மொறை. உனுக்கு மூணு நாளுன்னு வாக்கு குடுத்துட்டானாம், மாத்திப் பேச மாட்டானாம். போன மொறை போனதுதான், திரும்பத் தர மாட்டாங்க. அவன் பொண்டாட்டி காலைல வந்து இங்க குந்திக்கினு அழுதுட்டுப் போச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வெட்கம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை, அதற்குள் கோபம் வந்துவிட்டது. அந்த ஆள் மேல்தான் கோபம். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் நான் வேறு நாளில் வந்திருப்பேனே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மனதுக்குள் திட்டினேன். பஸ்ஸில் பொன்னேரி வந்து சேருகிற வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஆபீஸில் டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மோசமான மனிதர் இல்லை. டீ வரவழைத்தார், முழுசாகக் கேட்டார்.

"டாக்டர், மெத்தட் என்ன? மூணு நாள் கவுண்ட். பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"பார்த்ததைப் பார்த்தபடி குறிச்சீங்களா?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன? இறால் விக்கிற அம்மா சொன்னதையெல்லாம் ரிப்போர்ட்ல போட முடியுமா?" சிரித்தார். பிறகு மேஜை மேல் இருந்த ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். ஆலை அனுப்பிய கடிதம். மன்னார் வளைகுடாவில் பவளம் வளர்க்கிற என் திட்டத்துக்கு மூன்று வருஷத்துக்குப் பணம். படகு, முங்குகிற சாமான்கள், உதவிக்கு நான்கு பேர். எல்லாம் நான் எழுதிக் கொடுத்தபடியே, ஒரு வரி குறையாமல். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல டாக்டர். ஆனா ஆலைக்கு அனுமதி வந்தாத்தானே அவங்க இதைப் பண்ண முடியும்?"

இந்தப் பாடு முறையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். மூன்றாம் பாதையில் படகுகள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அந்த இடம் ஊருக்கே பொதுவாக, முறைவைத்துப் பயன்படுவதுதான் என்று தெளிவாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பத்தி அறிக்கையில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அதை அழித்தேன். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை. டைரக்டர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது பாதையே குறைந்த பாதிப்புள்ளது என்று முடித்து, அச்சுக்கு அனுப்பிவிட்டு, கீழே போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் போலீஸ். குப்பத்திலிருந்து லாரி ஏறி வந்திருந்தார்கள். பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தராக மைக்கைப் பிடித்துக் கத்தினார்கள், அழுதார்கள். மேடையில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே தண்ணீர் பாக்கெட்டை ஓரத்தில் கடித்து உறிஞ்சினார்.

படகுக்காரர் கத்தவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். மைக்கை வாங்கி நிதானமாகப் பேசினார்.

"ஐயா, நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. அதோ அந்த மேடம் எங்கூட வந்தாங்க. மூணு நாளு விடிகால்லயே வந்து கண்ணால பாத்தாங்க. படிச்சவங்க. எறங்கி சேத்துல நின்னவங்க. அவங்கள கேளுங்க, அவங்க சொல்வாங்க."

என்னைக் கைகாட்டினார். முகத்தில் அத்தனை நம்பிக்கை. மேடையிலிருந்த அதிகாரி, "சொல்லுங்க மேடம்" என்றார்.

எழுந்து நின்றேன். என் கையில் அறிக்கை இருந்தது, அதனால் சுலபமாக இருந்தது. "ஆய்வு மேற்கொள்ளப்பட்ட நாட்களில் மூன்றாம் பாதையில் மூன்று முதல் நான்கு படகுகள் மட்டுமே காணப்பட்டன" என்று படித்தேன். சத்தியத்துக்கு அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மண்டபத்தில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏய், உன் படகுலதான் போச்சா அது?" என்று கேட்டது. அவர் மைக்கைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். போலீஸ்காரர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

அனுமதி வந்தது. மூன்றாம் பாதையில் குழி தோண்டக் கொடி நட்டார்கள். பாடு இருந்த இடத்தில் முக்கால்வாசி போயிற்று. மிச்சமிருந்த கால்வாசிக்கு ஊரார் புது வரிசை போட்டார்கள். அந்த வரிசையில் படகுக்காரர் பெயரை எழுதவில்லை. கம்பெனிக்காரியை ஏற்றிக்கொண்டு போய் ஊரை அளந்து கொடுத்தவன், எவ்வளவு வாங்கினானோ என்று பேச்சு. அவர் என்னிடம் வாங்கியது படகு வாடகை. அதிலும் டீசலுக்குப் பாதி போய்விட்டது. இதையெல்லாம் பாயம்மா போனில் சொன்னார். நான் ஐயோ பாவம் என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்து நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனது பவளத் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட. ஒரு செவ்வாய்க்கிழமை. போட்டுவிட்டு இறங்கி வந்தால், ஜெராக்ஸ் கடை வாசலில் அவர் நிற்கிறார். அதே வெள்ளைச் சட்டை. இளைத்திருந்தார். நான் வருகிறேன் என்று பாயம்மா சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து நின்றிருக்கிறார்.

அடிக்க வந்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் பயம். அவர் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். ரோட்டில், தூசியில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பேசினார்.

"உங்க மேல கோவம்லாம் இல்ல மேடம். உங்களுக்கு இன்னா கஷ்டமோ. நான் கொழாய நிறுத்தச் சொல்லி வர்ல. அது ஆயிப்போச்சு."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம காலைல ஊர்க் கூட்டம். அன்னியோட வரிசைய மூடிடுவாங்க, அப்பால மூணு வருசத்துக்கு யாரையும் சேக்க மாட்டாங்க. பெரியவங்க கால்ல உளுந்து கேட்டுக்கினேன். அந்தம்மாவே வந்து சொன்னா பாக்கலாம்ட்டாங்க. நீங்க வந்து, இவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் மொறை இருக்கறது தெரியாம எண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணும் மேடம். எழுதிலாம் தர வாணாம். வாயால சொன்னா போதும். என் பேர சேத்துடுவாங்க."

"சேர்த்துடுவாங்களா?"

"சேத்துடுவாங்க. பொண்ணு பத்தாவது படிக்குது மேடம். படகு மட்டும் வச்சிக்கினு நான் இன்னா பண்றது? மொறை இல்லன்னா ஊர்ல நான் ஆளே இல்ல."

வருகிறேன் என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன், அதில் சந்தேகம் வேண்டாம். கண்கூடக் கலங்கியது. அவர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு தன் நம்பரையும் கொடுத்தார். ரயிலில் பொன்னேரி வந்துவிடுங்கள், ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஷேர் ஆட்டோவில் போய்விடலாம், வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்றெல்லாம் சொன்னார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை டைரக்டர் போன் பண்ணினார். ஆலையிலிருந்து இரண்டு பேர் தூத்துக்குடிக்கு வந்து முதல் பவளத் துண்டைக் கட்டுவதைப் பார்த்துப் படம் எடுக்க வேண்டுமாம். எந்த நாள் தோதுப்படும் என்று என்னைத்தான் கேட்டார். வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவராகச் சொல்லவில்லை. நாளைச் சொன்னது நான்தான். கூட்டத்தில் போய் நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொன்னால், அதை எவனாவது பேப்பர்காரன் எழுதுவான், எழுதினால் அறிக்கை செல்லாது என்று வழக்குப் போடுவார்கள், வழக்குப் போட்டால் பணம் நிற்கும். இந்தக் கணக்கை மட்டும் நான் ஒரு தடவையிலேயே சரியாகப் போட்டேன்.

சனிக்கிழமை அவருக்கு ஒரு போன் செய்து வரமுடியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பயந்து செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கினேன். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. சிமெண்டுச் சட்டத்தில் நைலான் நூலால் பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டினேன். நான்கு வருஷமாகக் கனவு கண்ட வேலை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கத்த வேண்டும் போல இருந்தது, வாயில் குழாய் இருந்ததால் கத்தவில்லை. மேலே வந்து படகில் ஏறிப் பையைத் திறந்தால் போனில் ஒன்பது தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, படத்துக்குச் சிரித்தேன். அந்தப் படம்தான் இன்றைக்கும் என்னைப் பற்றி எங்கே எழுதினாலும் போடுகிறார்கள்.

அந்தப் பவளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த கோடையில் கடல் சூடாகிப் பாதி வெளுத்துச் செத்தது. மிச்சம் பிழைத்தது, இப்போது அதில் மீன் குஞ்சுகள் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். படகுக்காரர் பின்னாளில் படகை விற்றுவிட்டுத் தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு ஆலையில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நேரில் பார்க்கவில்லை. பார்க்க முயற்சி செய்யவும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை அடுத்த புதன்கிழமை பாயம்மா என்னைக் கூப்பிட்டார். புது நம்பராக இருந்ததால் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

"உயிரோடதான் கீறியா?" என்றார்.

"பாயம்மா..."

"செத்துட்டியோன்னு பாக்கத்தான் போன் பண்ணேன். அவன் அப்டித்தான் நெனைச்சிக்கினு கீறான்."

அவர் குரலை உயர்த்தாமல், இறால் விலை சொல்கிற மாதிரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே படகுக்காரர் பொன்னேரிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார். ஊரார் பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருந்தார்கள். எனக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாற்காலிகூட எடுத்து வந்து நிழலில் போட்டிருந்தார்களாம். அவர் திரும்பி வந்து, அவங்க அப்டி ஏமாத்துறவங்க இல்ல, வர்ற வழியில இன்னாவோ ஆயிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கூட்டத்தில் உட்காரவில்லை. மறுபடியும் பொன்னேரிக்குப் போய்விட்டார்.

"வரிசைய படிக்கசொல்ல அவன் அங்க இல்லவே இல்ல. பொன்னேரி ஆஸ்பத்திரில நின்னுக்கினு, கண்ணாடி போட்ட மேடம் யாரானா அடிபட்டு வந்தாங்களான்னு கேட்டுக்கினு இருந்திருக்கான். அங்க இல்லன்னதும் கும்மிடிப்பூண்டி. அப்பால ரயில்வே போலீசு. திங்கக்கெழமை, நேத்து, இன்னிக்கி. இன்னிக்கிம் காலைல வந்து நின்னான். மெட்ராசுல எந்த ஆஸ்பத்திரிலம்மா தேடறதுன்னு கேக்கறான். பேரு போனது பத்தி ஒரு வார்த்த பேசல."

போனில் பின்னால் தராசுச் சத்தம் கேட்டது. யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப வந்துடுவான், வாசல்லயே நிப்பான். நீ நல்லாத்தான் கீறன்னு அவன்கிட்ட சொல்லட்டுமா, வாணாமா?"

வேண்டாம் என்றேன்.